கொட்டேஷனில் ஃபாண்டுக்கும் ஒரு வரி எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் சின்னதாக ஒரு டிசைன் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஜவுளிக்கடை விளம்பரம், ஸ்வீட் ஸ்டால் டப்பா, கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட ஆண்டு மலர், எப்போதாவது ஒரு வெப்சைட், எது வந்தாலும் செய்வோம். சிறுதொழில் செய்கிறவர்களுக்காக ஜிஎஸ்டி, வங்கிக் கடன், மின்கட்டணம் என்று நிறைய எழுதுகிறீர்கள், தவறாமல் படிக்கிறேன். ஆனால் எங்கள் தொழிலில் தினம் தினம் கைமாறுகிற, யார் கணக்கிலும் ஏறாத ஒரு பொருளைப் பற்றி எந்தப் பேப்பரிலும் எழுதி நான் பார்த்ததில்லை. ஃபாண்டைத்தான் சொல்கிறேன், கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு வடிவம் கொடுக்கிற எழுத்துரு ஃபைல். அதற்கு லைசென்ஸ் என்று ஒன்று உண்டு என்பதே வேலை கொடுக்கிறவர்களில் பலருக்குத் தெரியாது, வேலை செய்கிற எங்களில் பலரோ தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிடுகிறோம்.

என் கட்சி இதுதான். ஒருவருக்கு டிசைன் செய்து கொடுக்கும்போது என்ன ஃபாண்ட், லைசென்ஸ் யார் பெயரில், காசு யார் கொடுப்பது என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு பேச்சை எடுத்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். டிசைன் ஓகே ஆகி பணமும் வந்த பிறகு கஸ்டமர், “தம்பி, அந்த ஓப்பன் ஃபைலைக் கொடுத்துடுங்க” என்பார். திருத்தக்கூடிய மூல ஃபைலைத்தான் அப்படிச் சொல்வார்கள். சரி, அது பேசி முடிவு செய்துகொள்ளும் விஷயம், கொடுக்கலாம். நாங்கள் டிசைன் செய்கிற மென்பொருளான கோரல் டிராவின் ஃபைலை அனுப்புவோம். கொஞ்ச நேரத்தில் அடுத்த போன் வரும்: “தமிழெல்லாம் இங்கிலீஷ் எழுத்தா கன்னாபின்னான்னு தெரியுது, ஃபாண்டையும் சேர்த்து அனுப்புங்க.” பல கடைகளில் அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் ஒரு ஜிப் ஃபைல் போய்விடும். வேண்டியது ஒரு ஃபாண்ட், போவது மொத்த ஃபோல்டர். அந்த ஃபோல்டர் அங்கிருந்து பிரஸ்ஸுக்கு, பிரஸ்ஸிலிருந்து ஃப்ளெக்ஸ் கடைக்கு, அங்கிருந்து யார் யாருக்கோ. சட்டை தைக்கக் கொடுத்தவர் தையல் மெஷினையும் சேர்த்துக் கேட்டால் டெய்லர் சிரிப்பார். நாங்கள் மட்டும் கேட்டவுடன் தூக்கிக் கொடுக்கிறோம், அதுவும் நம்முடையது அல்லாத மெஷினை.

நம்முடையது அல்ல என்று ஏன் சொல்கிறேன் என்றால், காசு கொடுத்து ஃபாண்ட் வாங்கினாலும் நமக்குக் கிடைப்பது இத்தனை கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம், இன்ன இன்ன வேலைக்குப் பயன்படுத்தலாம் என்கிற அனுமதி மட்டும்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, கம்ப்யூட்டர் புரோகிராமையும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வைத்திருக்கிறது, ஃபாண்ட் ஃபைலும் கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு மென்பொருள்தான். எழுத்தின் வடிவத்துக்கு உரிமை உண்டா இல்லையா என்பது தனி வழக்கு. அமெரிக்காவில் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, ஃபைலுக்கு உண்டு. நம் இந்தியச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு புரோகிராமைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ செய்யாதவருக்குக் கோர்ட் சலுகை காட்டலாம் என்றும் இருக்கிறது, ஆனால் நாம் செய்வது முழுக்க முழுக்க வியாபாரம். மதுரையில் ஃபாண்டுக்காக யாரும் ஜெயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை, யாரையும் பயமுறுத்தவும் இதை எழுதவில்லை. அந்த ஜிப் ஃபைலோடு கஸ்டமருக்கும் ஒரு பொறுப்பு போய்ச் சேர்கிறது, அது அவருக்குத் தெரியாமலே சேர்கிறது. என் கோபம் அதில்தான்.

கஸ்டமருக்கு எப்போது தனி லைசென்ஸ் வேண்டும், எப்போது வேண்டாம் என்பதில்தான் குழப்பம் அதிகம். நோட்டீஸ், போஸ்டர், பாக்கெட் மாதிரி அச்சுக்குப் போகிற வேலை என்றால் பெரும்பாலும் டிசைனரிடம் இருக்கும் டெஸ்க்டாப் லைசென்ஸே, அதாவது கம்ப்யூட்டரில் போட்டுப் பயன்படுத்துகிற அனுமதியே போதும். எழுத்தை கர்வ் ஆக்கியோ, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றியோ, கோரலில் கண்ட்ரோல் கியூ அடித்தால் முடிந்தது, அல்லது ஃபாண்ட் பதிந்த பிடிஎப் ஆகவோ கொடுத்துவிடலாம், ஃபாண்ட் ஃபைல் நம் கம்ப்யூட்டரை விட்டு நகர வேண்டியதில்லை. ஆனால் கஸ்டமரின் ஆபீஸில் ஒரு பையன் உட்கார்ந்து அதே டிசைனில் வாராவாரம் விலையை மாற்றப் போகிறான் என்றால், அந்த ஆபீஸ் தனியாக லைசென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும். வெப்சைட் என்றால் இன்னொரு கணக்கு. பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருவரின் போனுக்கும் ஃபாண்ட் ஃபைல் இறங்குகிறது, அதனால் வெப் லைசென்ஸ் தனி, பல கம்பெனிகள் மாதத்துக்கு எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை வைத்து விலை போடுகின்றன. மொபைல் ஆப், மின்னூல், இரண்டுக்கும் தனித்தனி. லோகோவுக்குப் பயன்படுத்தக் கூடுதல் காசு கேட்கிற கம்பெனிகளும் உண்டு, லைசென்ஸில் நடுவில் எங்கேயோ ஒரு வரியில் இருக்கும், அதைப் படிக்காமல் ‘ஐ அக்ரீ’ அமுக்குகிறவர்கள்தானே நாமெல்லாம்.

அடோபிக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களுக்கு ஒன்று. அடோபி ஃபாண்ட்ஸில் இருப்பவற்றை வியாபார வேலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அவர்களுடைய பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், எல்லா ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் சேர்க்கிற ‘பேக்கேஜ்’ கொடுத்தால் அந்த ஃபாண்டுகள் ஃபோல்டரில் வந்து விழாது. சாஃப்ட்வேரில் கோளாறு என்று நினைத்து இன்டர்நெட்டில் அதே பெயரைத் தேடி எங்கிருந்தோ இறக்கி ஃபோல்டருக்குள் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடோபி வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறது. கஸ்டமர் அந்த ஃபைலைத் திறந்து திருத்த வேண்டுமானால் அவருக்கும் சந்தா இருக்க வேண்டும், அவருடைய வெப்சைட்டில் அந்த ஃபாண்ட் ஓட வேண்டுமானால் அவருடைய கணக்கிலிருந்துதான் ஓட வேண்டும்.

விண்டோஸோடு வருகிற லதா, நிர்மலா மாதிரி ஃபாண்டுகளைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அதில் அச்சடித்து விற்கலாம், மைக்ரோசாஃப்ட் தடுக்கவில்லை. ஃபைலை எடுத்து வெப்சைட் சர்வரில் போடுவதும் அடுத்தவருக்கு அனுப்புவதும்தான் கூடாது. ஆப்பிளின் தமிழ் ஃபாண்டான இணைமதியை மேக்கிலிருந்து எடுத்து விண்டோஸில் போட்டுக்கொள்வதும் இதே கதைதான்.

எனக்குத் தெரிந்த ஒரு மசாலா கம்பெனி. உள்ளூரில் விற்றுக்கொண்டிருந்தவரை எந்தப் பிரச்சினையும் இல்லை. ஏற்றுமதி ஆரம்பித்து ஒரு நல்ல வெப்சைட்டும் வைத்தபின், பிராண்ட் பெயரை எழுதியிருக்கிற இங்கிலீஷ் ஃபாண்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டு வெளிநாட்டிலிருந்து ஒரு மெயில். பழைய டிசைனர் யாரோ, ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம்’ என்று போட்டிருந்த ஃபாண்டை எடுத்து லோகோ செய்திருக்கிறார். இலவச ஃபாண்ட் தளங்களில் டவுன்லோடு பட்டனுக்குப் பக்கத்திலேயே அந்த வாசகம் இருக்கும், பொடி எழுத்தில். எழுத்தை மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். பவுச் அச்சடிக்கிறவர்களுக்குத் தெரியும், டிசைனை வெட்டி வைக்கிற உலோக உருளையான கிரேவூர் சிலிண்டர் கலருக்கு ஒன்று வேண்டும், ஒரு பொடிக்கு ஒரு செட், சாம்பார் பொடி, ரசப் பொடி, கறி மசாலா என்று எல்லாவற்றுக்கும் புது சிலிண்டர் வெட்டினால் என்ன ஆகும். பேசாமல் அவர்கள் கேட்ட பணத்தைக் கட்டிவிட்டார்கள். லோகோ செய்தபோதே வாங்கியிருந்தால் சில ஆயிரத்தில் முடிந்திருக்கும் என்று அந்த முதலாளி இன்னமும் புலம்புகிறார். புலம்பி என்ன செய்ய, அன்றைக்கு அவரிடம் யாரும் சொல்லவே இல்லையே.

இது நம்மூர்க் குணம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரான்ஸில் இணையத் திருட்டைத் தடுப்பதற்கென்றே ஹடோபி என்று ஒரு அரசு அமைப்பை உண்டாக்கினார்கள். 2010 ஜனவரியில் அதன் லோகோவை வெளியிட்டபோது, அதிலிருந்த ஃபாண்ட் பிரான்ஸ் டெலிகாம் கம்பெனிக்காக மட்டுமே ஜான் ஃபிரான்ஸுவா போர்ஷே என்ற எழுத்துரு வடிவமைப்பாளர் செய்து கொடுத்தது என்று தெரியவந்தது. வேறு யாரும் தொடக் கூடாத ஃபாண்ட். லோகோவை அவசர அவசரமாக மாற்றினார்கள். டிசைன் செய்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, ஆனால் உலகம் முழுக்கச் சிரித்தது அந்த அரசு அமைப்பைப் பார்த்துத்தான். கஸ்டமர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான், தப்பு டிசைனருடையதாக இருந்தாலும் போர்டில் இருப்பது உங்கள் பெயர்.

மாட்டிக்கொள்வதும் இப்போது ரொம்பச் சுலபம். எந்த பிடிஎப்பையும் அக்ரோபாட்டில் திறந்து கண்ட்ரோல் டி அடித்து ‘ஃபாண்ட்ஸ்’ என்ற இடத்தைப் பாருங்கள், உள்ளே பதிந்திருக்கும் ஒவ்வொரு ஃபாண்டின் பெயரும் வரிசையாக நிற்கும். 2025-ல் இப்படித்தான் ஒரு வேடிக்கை நடந்தது. 2000-களில் டிவிடி போட்டாலே முதலில் ஓடுமே, திருட்டுப் பிரதி வாங்குவதும் கார் திருடுவதும் ஒன்றுதான் என்கிற மாதிரி ஒரு விளம்பரம், அந்தப் பிரசாரத்தின் பழைய பிடிஎப் ஒன்றை யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது, யுஸ்ட் வான் ராஸம் உருவாக்கிய ஒரு ஃபாண்டின் திருட்டு நகல். நம் கஸ்டமர்கள் வெப்சைட்டில் போட்டு வைத்திருக்கும் பிரவுச்சர்களும் அதே பிடிஎப்தான், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

தமிழ் ஃபாண்ட் என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். டாங்கிள் பூட்டோடு, அதாவது கம்ப்யூட்டரில் செருகினால்தான் வேலை செய்கிற சாவியோடு விற்ற அச்சுக்கோப்பு (டிடிபி) மென்பொருள்களிலிருந்து ஃபாண்டுகளைப் பிய்த்து எடுத்து, பெயரை மாற்றி, பென் டிரைவில் போட்டுத் தருவது ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளின் சேவையாகவே இருந்தது. கம்ப்யூட்டரில் எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த எண் என்பதில் ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்த காலம் அது. 1999 சென்னை மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு முறைகளைத் தரப்படுத்திய பிறகும் குழப்பம் தீரவில்லை. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கருக்கு, உலகப் பொதுக் குறியீடான யூனிகோட் தெரியாது, பேஜ்மேக்கரைக் கைவிட மனமில்லாத பிரஸ்கள் பழைய ஃபாண்டுகளையும் விடவில்லை. 2005-ல் மத்திய அரசு தமிழ் ஃபாண்டுகளும் மென்பொருள்களும் அடங்கிய சிடியை இலவசமாகக் கொடுத்தது, நல்ல காரியம்தான், ஆனால் அதற்கப்புறம் தமிழ் ஃபாண்ட் என்றாலே சும்மா வருவது என்ற நினைப்பு ஊறிப்போய்விட்டது என்று எனக்குத் தோன்றும்.

சும்மா வருகிற வேலையா அது? உகர, ஊகார வரிசைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கு, ஙு, சு, ஞு, டு என்று போனால் ஒவ்வொன்றின் வால் ஒவ்வொரு மாதிரி வளைகிறது, ஒரு கொக்கியை வரைந்து எல்லாவற்றிலும் ஒட்டிவிட முடியாது. 18 மெய்க்கு 36 எழுத்துகளைத் தனித்தனியாக உட்கார்ந்து வரைய வேண்டும். அப்புறம் டி, டீ வேறு. இகர ஈகார விசிறி ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் இடிக்காமல் உட்கார வேண்டும். இத்தனையையும் சாதா, போல்டு, மெலிசு என்று ஒவ்வொரு கனத்திலும் திரும்பச் செய்ய வேண்டும். இதைச் செய்து முடித்தவரிடம் ஒரு லைசென்ஸ் வாங்கச் சொன்னால், “அந்த ஃபாண்ட் என்கிட்டயே இருக்கே” என்று பதில் வருகிறது. இருக்கிறதுதான், எப்படி வந்தது என்பதுதானே கேள்வி.

காசு இல்லாதவர் என்ன செய்வது என்றால், வழி இல்லாமல் இல்லை. எஸ்ஐஎல் என்ற அமைப்பு வெளியிட்ட ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, இப்போது புழங்குகிற 1.1 பதிப்பு 2007-ல் வந்தது. சுருக்கமாக ஓஎஃப்எல். முக்தா மலர், பலூ தம்பி, அனேக் தமிழ், மீரா இனிமை, கவிவனார், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இந்த லைசென்ஸில் கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கின்றன. ஹிந்த் மதுரை என்று எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒன்று இருக்கிறது, மதுரை ஃப்ளெக்ஸ் கடைகளில் அதைப் பயன்படுத்துகிறவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இவற்றை வைத்து லோகோ செய்யலாம், பாக்கெட் அடித்து விற்கலாம், வெப்சைட்டில் போடலாம், ஆப்பில் வைக்கலாம். முக்கியமாக, ஓப்பன் ஃபைல் கேட்கிற கஸ்டமருக்கு ஃபாண்டையும் தைரியமாகக் கொடுக்கலாம், கூடவே இருக்கிற லைசென்ஸ் ஃபைலைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். ஃபாண்டை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. அதைத் திருத்தி வெளியிட்டால், பழைய பெயரைத் தங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதாக ஃபாண்டைச் செய்தவர்கள் சொல்லியிருக்கும் பட்சத்தில் வேறு பெயர் வைக்க வேண்டும், திருத்தியதையும் இதே லைசென்ஸில்தான் வெளியிட வேண்டும். ஃபாண்டை கூகுள் ஃபாண்ட்ஸ் மாதிரி மூல இடத்திலிருந்தே இறக்குங்கள், ‘1000 தமிழ் ஃபாண்ட் இலவசம்’ ஜிப்களில் எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

குறையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. நீங்கள் பலூ தம்பியில் லோகோ வைத்தால் எதிர்க்கடைக்காரரும் அதையே வைக்கலாம், தடுக்க முடியாது. தனக்கென்று ஒரு முகம் வேண்டும் என்கிற கம்பெனி, காசு கொடுத்து நல்ல ஃபாண்ட் வாங்கட்டும், முடிந்தால் தமிழ் எழுத்து வடிவமைப்பாளர் ஒருவரிடம் புதிதாகவே செய்து வாங்கட்டும். நடிகைக்கும் போட்டோ ஷூட்டுக்கும் கொடுக்கிற காசில் அது ஓரமாக அடங்கிவிடும்.

எங்கள் ஸ்டுடியோ கொட்டேஷனில் இப்போது ஃபாண்டுக்குத் தனி வரி. ஓஎஃப்எல் என்றால் பெயரை எழுதி ‘கட்டணம் இல்லை’ என்று போடுவோம். விலைக்கு வாங்குவது என்றால் எந்த வகை, எத்தனை கம்ப்யூட்டருக்கு, யார் பெயரில் பில் என்று எழுதுவோம், வெப் லைசென்ஸை எப்போதும் கஸ்டமரின் மெயில் ஐடியில்தான் வாங்குவோம், நாளைக்கு அவர் வேறு டிசைனரிடம் போனாலும் அது அவரோடு போக வேண்டும் இல்லையா. ஆரம்பத்தில் “இதென்ன புதுசா” என்று கேட்டவர்கள் உண்டு, “மத்த கடையில ஃப்ரீயா போடுறாங்களே” என்று எழுந்து போனவர்களும் உண்டு. நியாயமாக ஒரு வரி எழுதுகிறவர் அதிக ரேட் சொல்கிறவராகத் தெரிகிறார், திருட்டு ஃபாண்டில் செய்கிறவர் சல்லிசாகத் தெரிகிறார். ஒரு கடை மட்டும் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

அதனால்தான் பெரிய இடங்கள் முதலில் ஆரம்பிக்க வேண்டும் என்கிறேன். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடையும், டேஸ்16 என்ற இன்னொரு தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்து ஆணை போட்டுவிட்டது, தமிழ் இணையக் கல்விக்கழகம் ஃபாண்டுகளை இலவசமாகவே கொடுக்கிறது. ஆனால் மலரோ கையேடோ அச்சடிக்க ஒர்க் ஆர்டர் கொடுக்கும்போது, அரசுத் துறையோ கல்லூரியோ, மூல ஃபைல்களை ஃபாண்டுடன் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டு, ஃபாண்ட் யாருடையது என்று கேட்பதில்லை. ஓஎஃப்எல் ஃபாண்டில் செய்க, அல்லது லைசென்ஸ் பில்லை இணைக்க என்று அதிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும். எங்களுக்கும் ரேட்டில் சண்டை இருக்காது.

உங்கள் அலுவலகத்துக்கும் ஒரு கோரிக்கை. நாளிதழ்களுக்கு விளம்பரம் அனுப்பினால் விளம்பரப் பிரிவில் இன்னும் “ஓப்பன் ஃபைலும் ஃபாண்டும் அனுப்புங்க” என்று கேட்கிறார்கள். உங்களிடமும் அப்படித்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் தள்ளுபடித் தேதி மாறும், போன் நம்பர் மாறும், அதனால் கேட்கிறார்கள், புரிகிறது. ஃபாண்ட் பதிந்த பிடிஎப்பை வாங்கிக்கொள்ளுங்கள், திருத்தம் வந்தால் எங்களையே கூப்பிடுங்கள், நாங்கள் மாற்றி உடனே அனுப்பிவிடுகிறோம். பக்கம் முடிக்கிற நேரம் வரைக்கும் ஸ்டுடியோவில் ஆள் இருப்போம்.

இப்படிக்கு,
டிசைன் தொழில் செய்யும் வாசகர்,
மதுரை.